ஆறின சோற்றில் கலோரி குறையுமா?

மும்பை செம்பூர், சேடா நகரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் வேலை. காலை ஏழரை மணிக்கு டப்பா கட்டிக்கொண்டு கிளம்பினால், சாப்பிட உட்காரும்போது மதியம் ஒன்றரை. அதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும். “ஆறின சோற்றில் கலோரி கம்மி, சூடு பண்ணாமல் அப்படியே சாப்பிடு” என்று ஆபீஸில் ஒருவர் சொல்கிறாராம். ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்கினால் பாதி கலோரி போய்விடும் என்கிறது ஒரு வீடியோ. கணவருக்குச் சர்க்கரை கூடி, இப்போதுதான் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். திருநெல்வேலிக்கார மாமியாரோ, இதுக்கெல்லாம் பழைய சோறுதான் மருந்து என்கிறார். இதில் யார் சொல்வது சரி என்பது கேள்வி.

பதிலை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோறு சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்பதால் அதன் கலோரி மாறாது. ஆனால் வெந்த சோற்றை நன்றாகக் குளிரவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி உருமாறுகிறது. அது கற்பனை இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். அதனால் குறையும் கலோரி ஒரு வாய்ச் சோற்றில் இருப்பதைவிடக் கம்மி. ரத்தச் சர்க்கரையில் மட்டும் அந்த மாற்றம் சற்றுப் பெரிதாகத் தெரியும். கலோரி வேறு, சர்க்கரை ஏறும் வேகம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதில்தான் இவ்வளவு குழப்பமும் வருகிறது. நான் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். அதனால் கணக்கோடு சொல்கிறேன். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஆறின சோற்றைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், எனக்கு உண்மையில் கவலை அதில்தான்.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்றத் தேவையான வெப்பம் ஒரு கிலோகலோரி. சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது நாம் கலோரி என்று சொல்வது இதைத்தான். நானும் அப்படியே சொல்கிறேன். பரிசோதனைக் கூடத்தில் இதை அளக்க பாம் கலோரிமீட்டர் என்ற கருவி உண்டு. உணவை உலர்த்திப் பொடித்து, எடை போட்டு, கனமான எஃகுக் கலத்துக்குள் ஆக்சிஜனை அடைத்து முழுக்க எரித்துவிடுவார்கள். சுற்றியிருக்கும் தண்ணீர் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதை வைத்துக் கணக்கு. சுடச்சுட வடித்த சோற்றையும் ஃப்ரிட்ஜில் கிடந்த சோற்றையும் உலர்த்தி, ஒரே எடை எடுத்து எரித்தால் ஒரே விடைதான் கிடைக்கும்.

உடம்புக்குள் நடப்பது அப்படி முழுசாக எரிப்பது இல்லை. சாப்பிட்டதில் கொஞ்சம் ஜீரணமாகாமல் வெளியே போய்விடும். அதனால்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க விஞ்ஞானி வில்பர் அட்வாட்டர், மனிதர்கள் சாப்பிடுவதையும் கழிப்பதையும் சேர்த்து அளந்து, உடம்புக்குக் கிடைப்பது எவ்வளவு என்று கணக்கிட்டார். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்றும் நாம் பயன்படுத்தும் எண்கள் அந்த வேலையிலிருந்து வந்தவை. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம், கலோரி சுமார் 130. இந்தக் கணக்கு, சோற்றிலுள்ள மாவுச்சத்து ஏறக்குறைய முழுக்க ஜீரணமாகிவிடும் என்று எடுத்துக்கொண்டு போட்டது. ஆறின சோற்றின் விஷயம் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் இதைக் கேட்கிறவர்கள் சரியாக யோசித்துத்தான் கேட்கிறார்கள். கலோரி என்பதே வெப்பத்தின் அளவு என்றால், சூடான சோற்றில் இருக்கும் சூடும் கலோரிதானே? ஆமாம், ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். 65 டிகிரியில் இருக்கும் 200 கிராம் சோறு உடம்பின் 37 டிகிரிக்கு இறங்கும்போது விடும் வெப்பம் 5 கலோரிக்கும் கொஞ்சம் கம்மி. அந்த வெப்பத்தை வைத்து உடம்பால் கொழுப்பு சேர்க்கவும் முடியாது, தசையை அசைக்கவும் முடியாது. நமக்கு வேலை நடப்பது மூலக்கூறுகளை உடைத்து எடுக்கும் சக்தியில். வெறும் சூட்டில் இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து அப்படியே எடுத்துச் சில்லென்று சாப்பிட்டால், அதை 37 டிகிரிக்கு ஏற்ற உடம்பு செலவழிப்பதும் ஏறக்குறைய அதே 5 கலோரி. அதுவும் நம் உடம்பு எந்நேரமும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும் வெப்பத்திலிருந்தே பெரும்பாலும் கிடைத்துவிடும். மும்பையின் அக்டோபர் வெயிலில் அந்த வெப்பத்தைக் கழிக்கத்தான் உடம்பு பாடுபடுகிறது. ஆக, சூட்டை வைத்து எடை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

இனி மாவுச்சத்து. அரிசியில் அது இரண்டு வகைச் சங்கிலிகளாக இருக்கிறது. அமைலோஸ் என்பது பெரும்பாலும் நேரான நீளச் சங்கிலி. அமைலோபெக்டின் என்பது கிளை கிளையாகப் பிரிந்தது. பச்சை அரிசி மணிக்குள் இவை இறுக்கமான துகள்களாக அடைந்திருக்கும். தண்ணீரோடு 60, 70 டிகிரியைத் தாண்டிச் சூடாகும்போது துகள்கள் தண்ணீரைக் குடித்து வீங்கி, சங்கிலிகள் அவிழ்ந்து கலைந்துபோகும். சோறு வேகிறது என்று நாம் சொல்வது இதைத்தான். கலைந்த சங்கிலிக்குள் நம் எச்சிலிலும் சிறுகுடலிலும் இருக்கும் என்சைம்கள் எளிதாகப் புகுந்து, வெட்டி வெட்டி குளுக்கோஸாக்கிவிடும். சுடுசோறு சீக்கிரம் ஜீரணமாவதற்கும் சர்க்கரையைச் சட்டென ஏற்றுவதற்கும் காரணம் இதுவே.

ஆறும்போது என்ன நடக்கிறது? கலைந்து கிடந்த சங்கிலிகள், சிதறிக் கிடந்த பாய்களை மறுபடி மடித்து அடுக்கியது போல, ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக வரிசைகட்டுகின்றன. நேரான அமைலோஸ் இதைச் சில மணி நேரத்தில் செய்துவிடும். கிளை விட்ட அமைலோபெக்டினுக்கு நாள்கணக்கில் ஆகும். ராத்திரி மல்லிகைப்பூ மாதிரி இருந்த சோறு காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் விறைத்துப்போய் உதிர்கிறதே, அந்த விறைப்பு இந்த அடுக்குதலால் வருவது. இப்படி இறுகிய பகுதிக்குள் என்சைம் புக முடியாது. அது சிறுகுடலில் ஜீரணமாகாமல் நழுவிப் பெருங்குடலுக்குப் போய்விடும். இதைத்தான் ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் என்கிறார்கள். பிரிட்டனில் ஹான்ஸ் எங்லிஸ்டும் அவருடைய சகாக்களும் 1982இல் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

பெருங்குடலுக்குப் போனதும் அது வீணாகிவிடுவதில்லை. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் போன்ற சிறிய கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. பியூட்டிரேட் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான உணவு. மற்றவையும் ரத்தத்தில் சேர்ந்து உடம்புக்குச் சக்தியாகின்றன. அதனால் இந்த வகை மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரிக்குப் பதில் சுமார் 2 கலோரி தருகிறது என்று கணக்கில் எடுத்துக்கொள்வது வழக்கம். பூஜ்யம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, ஆறவைத்தால் இது எவ்வளவு கூடுகிறது? இந்தோனேசிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஒரு ஆய்வில் ஒரே வெள்ளை அரிசியை மூன்று விதமாகப் பார்த்தார்கள். அப்போதுதான் வடித்த சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் இருந்தது. 10 மணி நேரம் அறை வெப்பநிலையில் ஆறிய சோற்றில் 1.30 கிராம். 24 மணி நேரம் 4 டிகிரியில் வைத்துப் பிறகு சூடாக்கியதில் 1.65 கிராம். “இரண்டரை மடங்கு கூடியது” என்று இதைச் சொன்னால் பிரமாதமாக இருக்கும், தப்பும் இல்லை. ஆனால் கூடியது 1 கிராம். அந்த ஒரு கிராம் 4 கலோரிக்குப் பதில் 2 கலோரி தருகிறது. அதாவது 100 கிராம் சோற்றில் 130 கலோரியிலிருந்து 2 கலோரி குறைகிறது. ஒரு தட்டு நிறைய 250 கிராம் சோறு சாப்பிடுகிறீர்கள் என்றால் 325 கலோரியில் 5 போகும். வருஷம் முழுக்கத் தினமும் ஒருவேளை இப்படியே சாப்பிட்டாலும் 1,825 கலோரிதான் மிச்சம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி என்று வைத்தால், அது கால் கிலோகூட இல்லை. டப்பாவில் ஆறு மணி நேரம் கிடந்த சோற்றில் இந்த அளவுக்கும் வராது.

அப்படியானால் “பாதி கலோரி” எங்கிருந்து வந்தது? 2015 மார்ச்சில் அமெரிக்க வேதியியல் கழகம் டென்வரில் நடத்திய மாநாட்டில், கொழும்பிலுள்ள வேதியியல் கல்லூரி மாணவர் சுதைர் ஜேம்ஸ், தன் வழிகாட்டி புஷ்பராஜா தவராஜாவோடு செய்த வேலையை முன்வைத்தார். கொதிக்கும் தண்ணீரில் அரிசியின் எடையில் 3 சதவீதம் தேங்காய் எண்ணெய் விட்டு, அரிசியைப் போட்டு 40 நிமிடம் வேகவைத்து, 12 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். எண்ணெயும் அமைலோஸும் பிணைந்துகொள்வதாலும், அப்புறம் குளிர்வதாலும் ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் பத்து மடங்கு கூடியதாகச் சொன்னார்கள். கலோரி 10 முதல் 12 சதவீதம் குறையலாம் என்பது அவர்கள் கணக்கு. மிகச் சிறந்த அரிசி வகையில் செய்தால் 50, 60 சதவீதம் வரைகூடக் குறையக்கூடும் என்று ஒரு எதிர்பார்ப்பையும் சொன்னார்கள். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது அந்த எதிர்பார்ப்புத்தான். அப்போது முன்வைத்தவை பரிசோதனைக் கூடத்து முடிவுகள். ஆட்களுக்குச் சாப்பிடக் கொடுத்து அளந்தவை இல்லை.

10 சதவீதத்தையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். 100 கிராம் பச்சை அரிசியில் சுமார் 350 கலோரி. அதில் 35 முதல் 42 குறையும். 3 கிராம் தேங்காய் எண்ணெய் கொண்டுவருவது 27. மிஞ்சுவது 8 முதல் 15 கலோரி. வேலை நல்ல வேலைதான், ஒரு மாணவர் இவ்வளவு நுணுக்கமாகச் செய்ததைப் பார்த்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது. ஆனால் 3 கிராம் என்பது முக்கால் ஸ்பூனுக்கும் கம்மி. நம் வீட்டுக் கை எண்ணெய் விடும்போது அந்த அளவில் நிற்பதில்லை.

ரத்தச் சர்க்கரைக்கு வருகிறேன், ஏனென்றால் கணவருக்கு இதுதான் தேவை. அதே இந்தோனேசிய ஆய்வில் ஆரோக்கியமான 15 பேருக்கு ஒருநாள் சுடுசோறும், இன்னொருநாள் குளிரவைத்துச் சூடாக்கிய சோறும் கொடுத்து, சாப்பிட்ட பிறகு குளுக்கோஸ் ஏறி இறங்குவதை அளந்தார்கள். குளிரவைத்த சோற்றில் மொத்த ஏற்றம் 152லிருந்து 125க்கு வந்தது (இது குளுக்கோமீட்டர் காட்டும் எண் இல்லை, ஏறி இறங்கியதை நேரத்தோடு சேர்த்துக் கூட்டிய கணக்கு). கிட்டத்தட்ட 18 சதவீதக் குறைவு. கலோரியில் ஒன்றரை சதவீதம், சர்க்கரையில் 18 சதவீதம். எப்படி? முழுக்க ஜீரணமாகாத பகுதி சிறியதுதான். ஆனால் சங்கிலிகள் பாதி இறுகிய நிலையில் இருப்பதால், ஜீரணமாகும் பகுதியும் மெதுவாகவே ஜீரணமாகிறது. கடைசியில் அந்தக் குளுக்கோஸ் எல்லாம் உடம்புக்கு வந்து சேர்ந்துவிடும், அவசரமில்லாமல் வரும். சர்க்கரை உள்ளவருக்கு அந்த நிதானம் லாபம். எடை குறைக்க நினைப்பவருக்கு அதனால் நேரடியாகப் பெரிய பலன் இல்லை. 15 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் சேர்த்தே மனதில் வைக்க வேண்டும்.

சூடாக்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடாதா என்று பலர் கேட்பார்கள். பாதிதான் ஆகும். அமைலோபெக்டினின் அடுக்குகள் 50, 60 டிகிரியிலேயே கலைந்துவிடும். அதனால்தான் விறைத்த சோறு மைக்ரோவேவில் மறுபடி மிருதுவாகிறது. அமைலோஸின் அடுக்குகள் 100 டிகிரியைத் தாண்டி வெகுதூரம் போனால்தான் கரையும். வீட்டில் சூடாக்கும் சூட்டில் அவை நிற்கும். ஆகவே பலன் வேண்டும் என்று சில்லென்ற சோற்றைச் சிரமப்பட்டு விழுங்க வேண்டியதில்லை. ஆவி பறக்கச் சூடாக்கியே சாப்பிடலாம். ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் நல்லதா என்றால், இல்லை. உறைந்த நிலையில் சங்கிலிகள் நகர முடியாமல் அடுக்குதல் நின்றுவிடும். ஃப்ரிட்ஜின் 4 டிகிரிதான் இதற்குத் தோதான இடம்.

எந்த அரிசி என்பதும் முக்கியம். குழைந்து ஒட்டிக்கொள்ளும் அரிசியில் அமைலோஸ் குறைவு, அதை எவ்வளவு குளிரவைத்தாலும் பெரிதாக மாறாது. உதிரி உதிரியாக வரும் அரிசியில் அதிகம். உங்கள் வீட்டு அரிசி எந்த ரகம் என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம்: மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும்போது எவ்வளவு விறைத்திருக்கிறதோ அவ்வளவு அமைலோஸ் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். இதைவிட எளிய வழி புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்தும்போது உமிக்குள்ளேயே ஒருமுறை மாவுச்சத்து வெந்து ஆறி இறுகிவிடுகிறது. நாம் ஃப்ரிட்ஜில் செய்ய நினைப்பதில் ஒரு பங்கை ரைஸ் மில்லே செய்து அனுப்பிவிடுகிறது. மாதுங்கா கடைகளில் பொன்னி புழுங்கல் தாராளமாகக் கிடைக்கும். வீட்டில் இப்போது வேறு பச்சரிசி ஓடுகிறது என்றால், கணவருக்காக முதலில் இதை மாற்றுங்கள்.

இப்போது அந்த ஆபத்து. மண்ணில் சாதாரணமாக வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியோடு வரும். சோறு கொதிக்கும் சூட்டில் பாக்டீரியா சாகும், வித்து சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வெளியே இருந்தால் வித்துகள் முளைத்துப் பெருகி, ஒரு நஞ்சை விடும். சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தி வரும். இந்த நஞ்சுக்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை. மைக்ரோவேவில் எவ்வளவு சூடாக்கினாலும் அது போகாது. கெட்ட வாடையும் வராமல் இருக்கலாம். ஆகவே கலோரி குறையும், சர்க்கரை குறையும் என்று நம்பி சோற்றை ராத்திரி முழுக்க சமையல் மேடையில் விட்டு, காலையில் டப்பாவில் அடைத்து, மதியம் சாப்பிடுவது வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில், அதிலும் ஜூன் முதல் அக்டோபர் வரை, அது நிஜமான அபாயம். குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

குளிரவைப்பதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். வடித்ததும் அகலமான தட்டில் பரப்பி, மின்விசிறியின் கீழ் ஆவியை விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் உயரம் குறைந்த டப்பாக்களில் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். குக்கர் பாத்திரத்தோடு அப்படியே வைத்தால் நடுவில் இருக்கும் சோறு ஆற மணிக்கணக்காகும். மறுநாளே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். ஒரே ஒருமுறை, நன்றாக ஆவி வரச் சூடாக்குங்கள். ஆபீஸுக்கு எடுத்துப் போகிறீர்கள் என்றால், போனதும் அங்கே ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், மதியம் அங்கேயே சூடாக்க வேண்டும். அங்கே ஃப்ரிட்ஜ் இல்லை என்றால் ஃப்ரிட்ஜ் சோறு எடுத்துப் போகாதீர்கள். காலையில் வடித்ததைக் கொதிக்கக் கொதிக்க, சூடு காக்கும் டப்பாவில் போட்டுக்கொண்டு போங்கள். டப்பாவாலாக்கள் ஒன்பது, பத்து மணி வாக்கில் எடுத்து ஒரு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதால் அந்தச் சாப்பாடு வெளியே இருக்கும் நேரம் குறைவு. ஏழரைக்கே கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும் உங்கள் டப்பாவுக்கு அந்த வசதி இல்லை. தயிர்சாதம், புளிசாதம் இரண்டும் புளிப்பினால் கொஞ்சம் தாங்கும். பயணத்துக்கென்று பால் நிறைய விட்டு ஒரே ஸ்பூன் தயிர் சேர்த்துப் பிசைவோமே, அதில் புளிப்பு ஏற நேரம் ஆகும். ஆறவைத்த சோற்றில்தான் அதைப் பிசைய வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். மிஞ்சிய சோறு நம் வீடுகளில் சும்மா சாப்பிடப்படுவதில்லை. எலுமிச்சை சாதமாகும், தேங்காய் சாதமாகும். பக்கத்து மராத்தி வீட்டில் கற்றுக்கொண்ட ஃபோட்னிச்சா பாத் என்ற தாளித்த சோறாகும். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் தாளிக்க ஊற்றும் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் சுமார் 125 கலோரி. குளிரவைத்ததில் போனது 5. எடைக்காக இதைச் செய்கிறவர்கள் பார்க்க வேண்டியது எண்ணெய்ப் பாத்திரத்தை.

கலோரி ஆப் பயன்படுத்தினால் இதையும் பாருங்கள். வெந்த சோற்றை எடைபோட்டு 100 கிராமுக்கு 130 என்று பதிவது பெரிய குழப்பத்தைத் தரும். 100 கிராம் அரிசி, தண்ணீர் குறைவாக வைத்தால் 250 கிராம் சோறாகும், குழைய வைத்தால் 350 கிராம் ஆகும். அப்போது 100 கிராம் சோற்றுக்கு 140 கலோரியும் இருக்கலாம், 100 கலோரியும் இருக்கலாம். ஃப்ரிட்ஜில் மூடாமல் வைத்த சோறு ஈரம் இழப்பதால் அதே எடைக்குக் கலோரி கொஞ்சம் கூடத்தான் செய்யும். அரிசியை வேகவைக்கும் முன் எடைபோட்டு, எத்தனை பேர் எத்தனை பங்கு சாப்பிடுகிறீர்கள் என்று பிரிப்பதே சரியான முறை. கஞ்சி வடிப்பதில்கூட மாவுச்சத்தில் சில சதவீதம் போய்விடும். அது ஃப்ரிட்ஜ் தருவதைவிட அதிகமாக இருக்கலாம். பி வைட்டமின்களும் அந்தக் கஞ்சியோடு போகும் என்பதால் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

மாமியார் சொன்ன பழைய சோற்றுக்கு வருகிறேன். தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் வீடுகளில் இன்றும் காலையில் அது உண்டு, எனக்கு அதன் மேல் மரியாதையும் உண்டு. தண்ணீர் ஊற்றியதும் சோற்றின் சூடு சட்டென இறங்குகிறது. ராத்திரியில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பு ஏற, அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளைத் தடுக்கிறது. தண்ணீர் இல்லாமல் மேடையில் கிடக்கும் சோற்றுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். நல்ல தண்ணீர், சுத்தமான பாத்திரம் அவசியம். புளிப்பு மணம் வராமல் வேறு வாடை வந்தாலோ, நூல் மாதிரி இழுத்தாலோ கொட்டிவிடுங்கள். நீராகாரத்தையும் சேர்த்துக் குடித்தால் சோற்றின் கலோரி கிட்டத்தட்ட முழுக்க உள்ளே வந்துவிடும். ஆனால் 150 கிராம் சோறும் ஒரு பெரிய தம்ளர் தண்ணீரும் சேர்ந்தால் வயிறு நிறைகிறது. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும், எண்ணெய் துளியும் இல்லை. 195 கலோரியில் ஒரு காலைச் சாப்பாடு முடிகிறது. மாமியார் சொல்வதில் இருக்கும் பலம் இதுதான். பழைய சோற்றில் இரும்புச்சத்து பல மடங்கு பெருகும் என்று சுற்றும் செய்தியை மட்டும் நம்ப வேண்டாம். இரும்பு ஒரு தனிமம், பாக்டீரியாவால் அதை உண்டாக்க முடியாது. புளிப்பதால், ஏற்கெனவே இருக்கும் இரும்பு உடம்பில் சற்று நன்றாகச் சேரலாம், அவ்வளவே. ரத்த அழுத்தம் இருந்தால் உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

கடைசியாகக் கணவரின் மாத்திரை. சாப்பாட்டின் சர்க்கரை மெதுவாக ஏறினால், அதே அளவு மருந்து சிலருக்கு அதிகமாகிவிடலாம். போலந்தில் டைப் 1 சர்க்கரை உள்ளவர்களிடம் இதைச் சோதித்தபோது, அதே அளவு இன்சுலினோடு குளிரவைத்த சோறு சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது கூடுதலாக நடந்தது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டால் இந்தப் பயம் குறைவு. கிளிமிபிரைடு போல, சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய மாத்திரை இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டே மாற்றுங்கள். அவர் சரி என்றால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒருநாள் மதியம் அப்போது வடித்த சோறு, இரண்டு நாள் கழித்து அதே அரிசியில் குளிரவைத்துச் சூடாக்கிய சோறு. இரண்டு நாளும் அதே எடை, அதே சாம்பார், அதே பொரியல். சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். நடுக்கமோ வியர்வையோ வந்தால் நேரம் பார்க்காமல் உடனே அளந்து, 70க்குக் கீழே இருந்தால் சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுங்கள். அந்த நான்கு எண்களையும் தேதியோடு எழுதி, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கையில் எடுத்துப் போங்கள்.